ரோசாலியின் கழுத்தும் ஒன்பது குருத்தெலும்புகளும்

காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் ஒரு சௌகரியம் உண்டு: நாம் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நோயாளியால் நம்மைத் திட்ட முடியாது. அவருடைய நாக்கைத் துணியில் சுற்றி இடது கையில் பிடித்திருப்போம். வலது கையால் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டிருப்போம். திட்டெல்லாம் நாக்கு திரும்பக் கிடைத்த பிறகுதான். இந்தத் தொழிலில் இருக்கும் சக பாவிகளே, தொண்டை என்று ஒன்று இருக்கிற மற்ற பாவிகளே, எண்பதுகளில் நான் செஞ்சியில் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் கணவருக்கு அங்கே விவசாய அலுவலகத்தில் வேலை. அவர் பின்னாலேயே போய், கடைத்தெருவில் இரண்டு அறை பிடித்து, போர்டு மாட்டினேன். முன் அறையில் பெஞ்சு. உள் அறையில் நான், ஒரு நீளமான மேஜை, ஒரு விளக்கு, நர்ஸ் ரோசாலி. ரோசாலி உள்ளூர்க்காரி. நாற்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு. கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. முகவாய் முடிந்ததும் தோள் ஆரம்பித்துவிடும். கேலிக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு அந்தக் கழுத்துதான் முக்கியம்.

அவசரக் கல்யாணம்

போர்டு மாட்டிய இரண்டாவது வாரம் தொண்டூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கழுத்தில் துண்டை இறுக்கமாகச் சுற்றியிருந்தார். பெஞ்சில் இருப்பவர்கள் பார்க்காதபடி உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, துண்டை அவிழ்த்தார். "கல்லு மாதிரி ஒண்ணு இருக்குதும்மா. எச்சி முழுங்குனா மேல ஓடுது, திரும்ப எறங்கி வருது. ஷேவிங் பண்ணும்போது கடைக்காரரு கண்டுபுடிச்சாரு" என்றார். தொட்டுப் பார்த்தேன். டைபாய்டில் பாதியாக இளைத்த மனிதர். கழுத்துச் சதை வற்றிப்போனதில், எல்லா ஆண்களுக்கும் இருக்கிற குரல்வளை மேடு அவருக்கு எடுப்பாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

சொன்னேன், நம்பவில்லை. அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய், பெஞ்சில் இருந்த ஆண்களின் கழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வைத்தேன். நான்கு பேருக்கும் இருந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். சந்தோஷத்தில் அழுவார் என்று எதிர்பார்த்தேன்; அவரோ தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாவதற்குள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, ஆவணியில் வைத்திருந்த மகள் கல்யாணத்தை இருபது நாளில் முடிவு செய்து, பத்திரிகையும் அடித்துவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் அவர் சாகப் போகிறார் என்று இரக்கப்பட்டுத்தான் ஒப்புக்கொண்டார்களாம். கிளம்பும்போது துண்டை மறுபடியும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு என் காதருகே குனிந்து சொன்னார்:

"யாராச்சும் வந்து கேட்டா, கட்டி இருக்குதுன்னே சொல்லிடுங்கம்மா."

முடி இல்லாதவர்

இருமல் விடாமல் வந்தால் உள்நாக்கு இறங்கிவிட்டது என்பார்கள் அந்தப் பக்கத்தில். உச்சந்தலையில் ஒரு கொத்து முடியைப் பிடித்து, சடக்கென்று சத்தம் வரும்படி இழுத்தால் உள்நாக்கு மேலே ஏறிவிடுமாம். முதன்முதலாகக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைச் சொன்னவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் என்பதால் இன்னும் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

மேஜையில் இருந்த, தலையும் தொண்டையுமான பிளாஸ்டர் பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டு, தலைமுடிக்கும் உள்நாக்குக்கும் நடுவில் கம்பி எதுவும் ஓடவில்லை என்று கால் மணி நேரம் விளக்கினேன். விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு, ஒவ்வொரு குறிப்புக்கும் தலையை ஆட்டியபடி கேட்டார். எவ்வளவு படித்தவர், எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் தன் பளபளப்பான தலையை ஒரு தடவை தடவிக்கொண்டு சொன்னார்:

"இதெல்லாம் எனக்கும் தெரியும்மா. முடி இருந்திருந்தா உங்ககிட்ட ஏன் வரேன்?"

மெடல் வாங்கிய கதை

மனிதக் குரல்வளையில் ஒன்பது குருத்தெலும்புகள் இருக்கின்றன. குருத்தெலும்பு எப்படி இருக்கும் என்றால், உங்கள் மூக்கு நுனியை அமுக்கிப் பாருங்கள், அப்படி இருக்கும்: உறுதியும் உண்டு, வளையவும் வளையும். ஒற்றையாக மூன்று. முன்னால் கேடயம் போல ஒன்று. தொண்டூர்க்காரர் கட்டி என்று நினைத்தது அதன் முனை. அதன் கீழே முத்திரை மோதிரம் போல முழு வட்டமாக ஒன்று. மேலே, சோறு வழி தவறிவிடாமல் மூடிக்கொள்ள இலை போல ஒன்று. ஜோடியாக மூன்று, எல்லாம் உள்ளே பின்பக்கம்: குரல் நாண்களை இழுத்துப் பிடிக்கிற கரண்டிகள் இரண்டு, அவற்றின் உச்சியில் கொம்புகள் இரண்டு, பக்கத்தில் ஆப்புகள் இரண்டு. மெட்ராஸில் படித்தபோது இந்த ஒன்பதையும் லத்தீன் பெயரோடு முன்னாலிருந்தும் சொல்வேன், பின்னாலிருந்தும் சொல்வேன். அதற்காக ஒரு மெடலும் வாங்கியிருக்கிறேன்.

அந்த மெடல் வாங்கிய மாதம் ஒரு பெண்ணை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். குளவி கொட்டித் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டிருந்தது. கேடயத்துக்கும் மோதிரத்துக்கும் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. அங்கே குருத்தெலும்பு கிடையாது, மெல்லிய சவ்வுதான். அதைக் கீறி ஒரு குழாயைச் செருகினால் வீக்கத்துக்குக் கீழே காற்று உள்ளே போய்விடும். புத்தகத்தில் அரைப் பக்கம். ஆனால் அந்த அம்மாவுக்குச் சதைப்பிடிப்பான கழுத்து. பெண்களுக்குக் கேடயம் ஆண்களைப் போல முன்தள்ளி நிற்காது. முகவாயிலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தேன், எல்லாம் மெத்தென்று இருந்தது, எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை. கையில் கத்தி இருந்தது, வைக்க இடம் தெரியவில்லை. சீனியர் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுக் கீறினார். குழாய் சரியாகவே உள்ளே போனது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

எனக்கு அழக்கூட வரவில்லை. என் விரல் அந்தக் கழுத்தை இன்னும் தேடிக்கொண்டிருப்பது போலவே இருந்தது. சீனியர் கை கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"ஒன்பதுக்கும் பேர் தெரியும். இடம்தான் தெரியாது, இல்லையா?"

தொலைந்த கம்மல்

செஞ்சிக்குக் கணவர் பின்னால் நான் குஷியாகக் கிளம்பியதற்கு உண்மையான காரணம் இதுதான். சின்ன ஊர், காதுக் குரும்பி எடுத்தே காலத்தை ஓட்டிவிடலாம், கழுத்தில் கத்தி வைக்கிற வேலை வராது என்று நினைத்தேன். ஆனால் பெஞ்சில் குண்டாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாலே என் கண் அவள் கழுத்துக்குத்தான் போகும். இவளுக்கு இப்போதே மூச்சு அடைத்தால் என்ன செய்வேன்? மேஜையின் மேல் டிராயரில் ஒரு கத்தியும் ஒரு உலோகக் குழாயும் வாங்கி வைத்தேன். அந்த டிராயரைத் திறக்கவே பயமாக இருந்தது.

ஒருநாள் தாங்காமல் எல்லாவற்றையும் ரோசாலியிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் விரலுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. பேப்பர் படிக்கிற கணவரின் கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். ஜலதோஷத்துக்கு வருகிறவர்களின் கழுத்தையும் தடவுவேன். ஆண்கள் கழுத்தில் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தேன். ஆனால் ரோசாலி கழுத்தில் தினமும் காலையில் ஒரு தடவை, டீ குடித்ததும் ஒரு தடவை தேடியும் மாதக்கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. பாவம், முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்று பார்த்தாள். ஒருநாள் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் தெரிந்தும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது:

"தெனம் தெனம் என் கழுத்துல இன்னாதான் தேடுறீங்க டாக்டரம்மா, கம்மல் ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

கறிக்கடையில் நான்

"ஆட்டுக்கும் சங்கு இருக்குது, அதுல போட்டுப் பழகுங்களேன்" என்று யோசனை சொன்னவளும் அவள்தான். குரல்வளையைச் சங்கு என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். நான் தஞ்சாவூர் ஜில்லாவில், வெங்காயமே விசேஷ நாளில் விலக்கு என்கிற வீட்டில் பிறந்தவள். கறிக்கடை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தது கிடையாது. ரோசாலியை அனுப்பினேன். நாய்க்கு என்று நினைத்து கறிக்கடை ஜாபர் பாய் பொடிப்பொடியாக வெட்டிக் கொடுத்துவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே வரிசையில் நிற்கும் நேரத்தில், நானே போனேன். வரிசையில் என் நோயாளிகள் பாதிப் பேர். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். டார்ச் இல்லாமலே எல்லாத் தொண்டையும் தெரிந்தது.

ஜாபர் பாய்க்கும் என் வயதுதான் இருக்கும். குடும்பத்தில் பல தலைமுறையாக இந்தத் தொழில். சங்கு முழுசாக வேண்டும் என்றேன். "தனியா வராதும்மா, அது தலையோட போயிடும்" என்றார். அறுக்கும்போது சங்கு முடிச்சுக்கு, அதாவது குரல்வளை மேட்டுக்கு, கீழேதான் கத்தி வைக்க வேண்டும், முடிச்சு தலைப்பக்கம் நிற்க வேண்டும், அது அவர்கள் முறை. முடிச்சின் மேல் கத்தி பட்டால் அந்த ஆட்டை அவர் விற்க மாட்டார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் தொடவே கூடாத இடம், நான் தொட்டே ஆக வேண்டிய இடம்! அவ்வளவு ரோமத்தில், அவ்வளவு கொழுப்பில், எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மறைக்க ஒன்றுமில்லாதவர் போலச் சொன்னார். மேலேயிருந்து தேடக்கூடாது. நெஞ்சுக் குழியில் விரலை வைத்து மேலே ஏற வேண்டும். மூச்சுக்குழாயின் சின்னச் சின்ன வளையம் ஒவ்வொன்றாகப் படிக்கட்டு மாதிரி தட்டும். அதற்கெல்லாம் மேலே தடியாக ஒரு வளையம் தட்டும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அங்கே சங்கு ஆரம்பம்.

என் மோதிரக் குருத்தெலும்பைத்தான் சொல்கிறார். ஆறு வருஷம் படித்து, மெடல் வாங்கி, நான் மேலேயிருந்து கீழே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். கறிக்கடை வாசலிலேயே அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிப்போய்விட்டது. கத்தியைக் கட்டைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"நான் தப்பா வெச்சா ஒரு ஆடு வீணாப் போவும். நீங்க தப்பா வெச்சா?"

ராஜா வேஷக்காரர்

அதன்பிறகு ஞாயிறுதோறும், ஜாபர் பாய் கடையிலிருந்து, நெருப்பில் வாட்டாத ஆட்டுத் தலை ஒன்று, சங்கும் அதன் கீழே நாலு வளையமும் ஒட்டியபடி என் கிளினிக்குக்கு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். கீழிருந்து மேலே, வளையம் வளையமாக, தடியான வளையம், அதற்கு மேலே சின்னப் பள்ளம், ஒரு கீறல், குழாய். முதல் ஞாயிறு வாந்தி எடுத்தேன். நாலைந்து ஞாயிறு போனதும் கை பழகிவிட்டது. வேலை முடிந்ததும் சங்கைத் துண்டாக எடுத்துக் கொல்லையில் புதைத்துவிடுவேன். தலையை ரோசாலி வீட்டுக்குக் கொண்டுபோய் வாட்டிக் குழம்பு வைப்பாள். வீணாக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

ஊர் சும்மா இருக்குமா? டாக்டரம்மா ஆட்டுச் சங்கை எடுத்து மனுஷனுக்கு வைக்கிறார்களாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை பேச்சு. அனந்தபுரத்திலிருந்து ஒரு தெருக்கூத்துக்காரர் வந்தார். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போய், காற்றாகத்தான் பேச்சு வந்தது. கண்ணாடி விட்டுப் பார்த்தேன். குரல் நாண் இரண்டிலும் காய்ப்பு. இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. கண்ணால் அறை முழுக்கத் தேடினார். பிறகு ரகசியம் போல, அந்தக் காற்றுக் குரலில் சொன்னதைக் கேட்டு ரோசாலி தட்டைக் கீழே போட்டுவிட்டாள்:

"வெக்கிறதுதான் வெக்கிறீங்க, நல்ல கெடாவா பாத்து வெய்யுங்கம்மா, நான் ராஜா வேஷம் கட்றவன்."

திங்கட்கிழமை மத்தியானம்

இதுவரைக்கும் சிரித்தீர்கள் அல்லவா, நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று திங்கட்கிழமை. சாப்பாட்டு நேரம், கரண்ட் இல்லை. ஜாபர் பாய் கிணற்றில் குதித்துக் குளித்துக் காதில் தண்ணீர் போய்விட்டது என்று வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு அம்மாள். ரோசாலி மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்து, முந்தின நாள் தலைக்கறிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே ஜாபர் பாயைக் கேலி செய்துகொண்டிருந்தாள். சாப்பிடும்போது பேசாதீர்கள் என்று நோயாளிகளிடம் தினமும் நாலு தடவை சொல்கிறவள் அவள். பாதி வாக்கியத்தில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். இருமல் இல்லை, சத்தமே இல்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க என்னையே பார்த்தாள். அந்த அம்மாள் ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினாள், முடியைப் பிடித்து இழுத்தாள். நான் முதுகில் அறைந்தேன், வயிற்றைக் கட்டிப் பிடித்து அமுக்கினேன். ரோசாலி உடம்புக்கு என் கை சுற்றி வரவே இல்லை. வாயில் விரலை விட்டுப் பார்ப்பதற்குள் பல் கிட்டிவிட்டது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. அப்படியே சரிந்தாள். விளக்கு இல்லை, வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மெட்ராஸில் பார்த்த அதே முகம், அதே கழுத்து.

டிராயரை நான்தான் திறந்திருக்க வேண்டும். கத்தி என் கையில் இருந்தது. ஜாபர் பாய் யாரும் சொல்லாமலே தரையில் மண்டியிட்டு, ரோசாலியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் நீட்டினார். கழுத்தை எப்படி நீட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முகவாய்க்கே என் விரல் போனது. "கீழேந்து வாங்கம்மா, கீழேந்து" என்றார். நெஞ்சுக் குழியில் விரலை வைத்தேன். அழுத்தினேன். ஒரு வளையம். இன்னொன்று. இன்னொன்று. தடியாக ஒன்று. மாதக்கணக்கில் அகப்படாத இடம், அத்தனை சதைக்கு அடியில், அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதற்கு மேலே விரல் லேசாகப் பள்ளத்தில் இறங்கியது. கீறினேன். குழாயைச் செருகினேன். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு ரத்தத்தோடு புஸ்ஸென்று காற்று வந்து என் முகத்தில் அடித்தது. நெஞ்சு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. உதட்டில் நிறம் திரும்பியது. நான் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதேன். ஜாபர் பாய் மட்டும் அசையவில்லை. கீறல் இருந்த இடத்தையே வெறித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"டாக்டரம்மா, முடிச்சு மேலயே வெச்சிட்டீங்களே!"

தட்டில் கிடந்தது

மூச்சு சீரானதும் பல் கிட்டியிருந்தது தளர்ந்தது. கரண்டும் வந்தது. ஜாபர் பாயும் தெருவிலிருந்து ஓடிவந்த இரண்டு பேரும் ரோசாலியைத் தூக்கி மேஜையில் கிடத்தினார்கள். விளக்கு வெளிச்சத்தில் தொண்டைக்குள் பார்த்தேன். குரல்வளையின் வாசலில், இலை போன்ற மூடிக்கு அடியில், வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்துத் தட்டில் போட்டேன். டங் என்று விழவில்லை, ஈரமாகச் சப்பென்று விழுந்தது. எலும்பு இல்லை. குருத்தெலும்பு.

எடுத்துப் பார்த்தேன். கட்டை விரல் நகம் அளவு. ஒரு பக்கம் பல் கடித்த தடம். இன்னொரு பக்கம் கோடு போட்டது போல நேராக இருந்தது. கறிவெட்டும் கத்தியில் அப்படி நேராக வராது. அது சின்னக் கத்தி. என் கத்தி. முந்தின நாள் ஞாயிறு கணவர் வீட்டு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள் என்று அவசரமாகப் பழகிவிட்டு, கேடயத்தை இரண்டாக வெட்டிப் பார்த்துவிட்டு, சங்கை எடுத்துப் புதைத்துவிட்டு ஓடினேன். ஒரு துண்டு தலையிலேயே தங்கிவிட்டிருக்கிறது. ரோசாலியைக் காப்பாற்றப் பழகிய கத்திதான் ரோசாலியைக் கொல்லப் பார்த்திருக்கிறது. தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஜாபர் பாயும் தட்டைப் பார்த்தார். தினமும் வெட்டுகிறவருக்கு அந்த நேர்க்கோடு யாருடையது என்று தெரியாமல் இருக்குமா? தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"இனிமே தலைய நானே சுத்தம் பண்ணி அனுப்புறேன்மா."

சீட்டு

தொண்டை வீக்கம் வடியும்வரை குழாய் கழுத்தில் இருக்க வேண்டும், அதுவரை பேச்சு வராது. மூச்சு குரல் நாண் வரைக்கும் போகாமல் பாதியிலேயே வெளியே வந்துவிடும். ரோசாலியைச் சில நாள் கிளினிக்கிலேயே படுக்க வைத்துக் கவனித்துக்கொண்டேன். அவள் பேசாமல் இருந்த அந்த நாட்களில் அந்த இரண்டு அறையும் எப்படி இருந்தன என்று சொல்லி முடியாது. பெஞ்சில் இருந்தவர்கள் கூட ரகசியமாகத்தான் பேசினார்கள். தொண்டூர்க்காரர், மகள் கல்யாணம் முடிந்து மாதக்கணக்கான பிறகும், மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, கழுத்தில் துண்டோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு மாமனாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். அவர் தைரியசாலி, கொஞ்ச காலம் தாங்குவார் என்றேன்.

மூன்றாவது நாள் தாங்க முடியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அந்தத் துண்டு என் கத்தியால் வெட்டியது, என் அவசரத்தால் வந்தது, அவள் என்னை மன்னிக்க வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். சொல்லும்போதே என் கை பழக்க தோஷத்தில் அவள் கழுத்துக்குப் போய், குழாய்க்குக் கீழே ஒவ்வொரு வளையமாகத் தொட்டுக்கொண்டிருந்தது. ரோசாலிக்கு அழுகையா, கோபமா என்று தெரியவில்லை. என் விரலைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். மருந்துச் சீட்டுக் கட்டை இழுத்து, பென்சிலால் அழுத்தி அழுத்தி எழுதி, கிழித்து, என் கையில் கொடுத்தாள்:

"நீங்களே அடைச்சீங்க, நீங்களே தொறந்துட்டீங்க. எடம் தெரிஞ்சிடுச்சில்ல, இனிமேலாச்சும் என் கழுத்த விடுங்க."

ஒன்பது குருத்தெலும்புகளின் பெயரையும் இப்போது யாராவது கேட்டால் ஆறேழுதான் உடனே ஞாபகம் வருகிறது, ஆனால் இடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ரோசாலியின் கழுத்திலேயே காட்டிவிடுவேன், அவள் காட்ட விட்டால்.